ஓ.ஆர்.எஸ். தண்ணீரில் இவ்வளவு குளுக்கோஸ் எதற்கு?

பிளஸ்டூ_பையன்:
வணக்கம். செல் சவ்வு வழியாகப் பொருட்கள் உள்ளே வெளியே போகும் பாடத்தில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சிறுகுடல் செல்லுக்குள் குளுக்கோஸ் போவது ஆற்றல்சார் கடத்தல் என்று ஒரு கைடில் இருக்கிறது. இன்னொரு கைடில், குளுக்கோஸை உள்ளே விடும் அந்தப் புரதம் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைத் தொடுவதே இல்லை என்று இருக்கிறது. ஏடிபி செலவே இல்லையென்றால் அது எப்படி ஆற்றல்சார் கடத்தல் ஆகும்? டியூஷனில் கேட்டால், "நீட்டுக்கு அவ்வளவு போதும், மனப்பாடம் பண்ணு" என்கிறார்கள்.

இன்னொன்று. தங்கைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தார்கள். கவரைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். போனது உப்பும் தண்ணீரும்தானே, குளுக்கோஸை ஏன் இப்படி வாரிப் போட்டிருக்கிறார்கள்?

சும்மா_ஒரு_ஆள்:
தெம்புக்குத்தான் தம்பி. அப்புறம் வெறும் உப்புத் தண்ணீரை எந்தப் பிள்ளை குடிக்கும்?

விலங்கியல்_வாத்தியார்:
தெம்புக்கு இல்லைங்க. 13.5 கிராம் குளுக்கோஸில் கிடைப்பது 50 கலோரிக்குக் கொஞ்சம் மேல், ஒரு லிட்டரும் குடித்து முடித்தாலும் ஒரு இட்லி சாப்பிட்ட கணக்குத்தான். சுவைக்கும் இல்லை. தம்பி, உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

குடல் செல்லுக்கு இரண்டு முகம். உணவு இருக்கும் பக்கம் ஒன்று, இரத்தக் குழாய் இருக்கும் பக்கம் மற்றொன்று. இரண்டிலும் இருக்கும் புரதங்கள் வேறு வேறு. இதைப் படத்தில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் யாருக்கும் இது புரியாது, கைடுகளில் அந்தப் படம் இருப்பதும் இல்லை. உணவுப் பக்கம் இருக்கும் புரதத்தின் பெயர் எஸ்ஜிஎல்டி1. அது இரண்டு சோடியம் அயனியும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் சரியாக உள்பக்கம் திரும்பும். தனியாக வரும் குளுக்கோஸுக்கு அங்கே வழி இல்லை, தனியாக வரும் சோடியத்துக்கும் அந்த வழி இல்லை.

சரி, குளுக்கோஸை அடர்த்தி குறைந்த இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு ஏற்றும் சக்தி எங்கிருந்து வருகிறது? சோடியத்திடமிருந்து. செல்லுக்கு வெளியே சோடியம் ஏறக்குறைய 140 மில்லிமோல், உள்ளே 10 முதல் 15 வரைதான். போதாததற்குச் செல்லின் உள்பக்கம் எதிர்மின்னூட்டம். அதனால் சோடியம் உள்ளே பாய முண்டியடித்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பாய்ச்சலில் குளுக்கோஸும் கூடவே ஏறிவிடுகிறது. பாயும் சோடியம் ஒன்றல்ல, இரண்டு என்பதால் பத்து மடங்கு வித்தியாசம் நூறு மடங்குக்கான தள்ளுதலாக வேலை செய்கிறது, மின்னழுத்தத்தைச் சேர்த்தால் இன்னும் மேலே.

உள்ளே சோடியத்தை அவ்வளவு குறைவாக யார் வைத்திருப்பது? இரத்தப் பக்கம் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு. ஒவ்வொரு ஏடிபிக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதுவும் ஒரு நொதிதான், ஏடிபியை உடைக்கும் நொதி. 1957-ல் இதைக் கண்டுபிடித்த யென்ஸ் ஸ்கவ் என்ற டென்மார்க்காரருக்கு நோபல் கிடைக்க 1997 ஆனது. மாடித் தொட்டியில் மோட்டார் தண்ணீர் ஏற்றி வைத்திருக்கும், கீழே குழாயைத் திறக்கும்போது கரண்ட் வேண்டாம், ஆனால் மாசக் கடைசியில் கரண்ட் பில் வந்துதானே தீரும். அதனால்தான் இதை இரண்டாம்நிலை ஆற்றல்சார் கடத்தல் என்கிறோம். கணக்குப் போட்டுப் பார்: மூன்று குளுக்கோஸ் ஏற ஆறு சோடியம் உள்ளே வரும், அந்த ஆறையும் வெளியேற்ற இரண்டு ஏடிபி. செலவு உண்டு, செலவாகும் இடம்தான் வேறு. உன் இரண்டு கைடும் சொல்வது சரி, ஆளுக்குப் பாதி.

ஓ.ஆர்.எஸ். விஷயமும் இதுவே. குளுக்கோஸ் இருந்தால் சோடியம் இந்த வழியாக உள்ளே போகும், இரண்டும் போனால் சவ்வூடு பரவலில் தண்ணீர் பின்னாலேயே போகும்.

ஆய்வகத்து_அக்கா:
சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. காலராக் கிருமி குடல் செல்லைக் கிழிப்பதோ தின்பதோ இல்லை. அது வெளியிடும் நச்சே ஒரு நொதி. (அப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று 1959-ல் காட்டியவர் கல்கத்தாவில் வேலை பார்த்த சம்பு நாத் டே. நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.) செல்லுக்குள் ஜி-புரதம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, ஜிடிபி என்ற ஏடிபி மாதிரியான மூலக்கூறை உடைத்துத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளக் கூடியது. நச்சு போய் அதன் மேல் ஒரு மூலக்கூறை ஒட்டிவிடும், அவ்வளவுதான், சுவிட்ச் அணைவதே இல்லை. செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழற்சி ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும், குளோரைடு வாய்க்கால் திறந்தபடியே கிடக்கும், குளோரைடு குடலுக்குள் கொட்ட சோடியமும் தண்ணீரும் அதன் பின்னால் போகும். சாதாரணமாக உப்பை உள்ளே இழுக்கும் வேறு சில வழிகளும் அடைபடும், அதனால்தான் வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் பிரயோசனம் இல்லை. ஆனால் எஸ்ஜிஎல்டி1 மட்டும் வழக்கம்போல வேலை செய்யும்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே போகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960-ல் பிராகாவில் ஒரு கூட்டத்தில் சொன்னார். அடுத்த சில வருடங்களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் காலரா நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸையும் உப்புகளையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் வீட்டாரையே கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு அவருடைய பராமரிப்பில் 3.6 சதவீதமாக இறங்கியது.

பிளஸ்டூ_பையன்:
சார், அக்கா, ரொம்ப நன்றி. ஒரே ஒரு டவுட். அப்படியென்றால் குளுக்கோஸை இன்னும் கூட்டிப் போட்டால் இன்னும் வேகமாக ஏறுமா?

விலங்கியல்_வாத்தியார்:
ஏறாது, ஆளைக் கவிழ்த்துவிடும். எஸ்ஜிஎல்டி1 எண்ணிக்கைக்கு ஒரு அளவு இருக்கிறது, நொதி வேகம் ஓர் எல்லையில் நின்றுவிடும் வரைபடம் படித்திருப்பாயே, அதே வடிவம்தான் இதற்கும். உள்ளே போக முடியாத குளுக்கோஸ் குடலிலேயே தங்கி உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். குளிர்பானம் கொடுத்தால் போக்கு அதிகமாவது அதனால்தான். பழைய கலவையின் சவ்வூடு செறிவு, அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்தக் கணக்கு, 311, அதை 2002-ல் உலக சுகாதார நிறுவனம் 245-ஆகக் குறைத்தது. இப்போது சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல், சமம் சமம். நீ கவரில் பார்த்தது கிராம் கணக்கு. குளுக்கோஸ் மூலக்கூறு கனமானது, அதனால் அதிகமாகத் தெரிகிறது. பாக்கெட்டில் இருக்கும் சிட்ரேட் உப்பிலிருந்து வரும் சோடியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நைட்_டூட்டி_சிஸ்டர்:
வார்டில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு ஸ்பூன் மட்டும் டம்ளரில் கலக்கி, மீதியை மடித்து வைத்துவிடுவார்கள். தூள் பாக்கெட்டுக்குள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஸ்பூனில் வந்தது எவ்வளவு உப்பு என்று யாருக்கும் தெரியாது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கொட்டுங்கள். கலக்கிய பிறகு சூடு பண்ண வேண்டாம், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் வேண்டாம். கைக்குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாகத்தான், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி.

சும்மா_ஒரு_ஆள்:
சரி, தெம்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாச்சி கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுப்பாரே, அதில் சர்க்கரையே கிடையாதே?

விலங்கியல்_வாத்தியார்:
அரிசி மாவுச்சத்து முழுக்கக் குளுக்கோஸ் சங்கிலிதாங்க. அமைலேஸ் என்ற நொதி அதைத் துண்டாக்கும், குடல் செல்லின் உணவுப் பக்கத்துச் சவ்விலேயே உட்கார்ந்திருக்கும் மால்டேஸ் என்ற இன்னொரு நொதி கடைசித் துண்டையும் உடைக்கும். குளுக்கோஸ் பிறப்பதே எஸ்ஜிஎல்டி1 வாசலில். நீளச் சங்கிலியாக இருக்கும் வரை அது ஒரே மூலக்கூறு என்பதால் தண்ணீரை இழுக்கும் சக்தியும் குறைவு. அரிசி மாவில் செய்த ஓ.ஆர்.எஸ். காலராவில் மலத்தின் அளவைக் குறைக்கிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கஞ்சி நீர்க்க இருக்க வேண்டும், உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போடக் கூடாது. பாக்கெட் கையில் இருக்கும்போது பாக்கெட்டையே கொடுங்கள்.