மறு: “கேரியர் நியூட்ரல்” தரவகத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

இரண்டு நாளாக இந்த இழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பையும் உள்ளே விடுகிற டேட்டா சென்டருக்குத் தமிழில் பெயர் தேடுகிறோம். எனக்கு வேலையே அம்பத்தூரில் ஒரு தரவகத்துக்குள்தான் (டேட்டா சென்டர்), அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

> தாங்கி-நடுநிலைத் தரவு மையம் என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, தாங்கி மட்டும் வேண்டாம், அது பேரிங்குக்குப் போய்விட்ட சொல். கேரியரை அப்படியே வைத்தாலும் வம்புதான், இங்கே அது தொலைத்தொடர்பு நிறுவனம், நமக்குக் கேரியர் என்றால் டிபன் கேரியர். நியூயார்க்கில் 60, ஹட்சன் தெரு என்று ஒரு கட்டடம், வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனிக்காகக் கட்டியது. இன்றைக்கு ஏகப்பட்ட தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஃபைபர் அங்கேதான் வந்து கூடுகிறது. அந்த மாதிரிக் கட்டடங்களுக்குக் கேரியர் ஹோட்டல் என்று பெயர். இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், எடுப்புச் சாப்பாடு அனுப்புகிற மெஸ் என்றுதான் நினைப்பார்கள்.

அடுத்து நடுநிலை. 2015-இல் இங்கே நடந்த சண்டையில் ‘இணைய நடுநிலை’ என்று எல்லாரும் எழுதி எழுதி, அந்தச் சொல்லைக் கேட்டாலே எந்தத் தளத்துக்கும் பாரபட்சம் காட்டாமல் தரவை அனுப்புவதுதான் ஞாபகம் வருகிறது. இது வேறு விஷயம். இங்கே கேள்வி, கட்டடத்துக்காரர் தானும் இணைப்பு விற்கிறாரா, போட்டிக் கம்பெனியின் ஃபைபரை உள்ளே விடுவாரா என்பதுதான். 1998-இல் தொடங்கிய ஈக்வினிக்ஸ் என்ற தரவக நிறுவனம் தன் பெயரையே சமத்துவம், நடுநிலை, இணையச் சந்தி என்ற மூன்றையும் ஒட்டித்தான் வைத்துக்கொண்டது, அந்தக் காலத்தில் அது அவ்வளவு பெரிய விற்பனை வாசகம்.

> பல்வலைத் தரவகம்?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் தப்பிவிடும். முன்பு நான் இருந்த இடத்தில் எங்கள் சர்வர்களை ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சொந்தக் கட்டடத்தில் வைத்திருந்தோம் (பெயர் வேண்டாம்). விலைப்பட்டியலில் நாலைந்து நிறுவனங்களின் பெயர் இருந்தது, அதாவது பல வலைகள். இரண்டாவது இணைப்பை வெளியிலிருந்து எடுக்கப் போனால் முதலில் குழாயில் இடமில்லை என்றார்கள், பிறகு அனுமதிக் கடிதத்தில் முத்திரை சரியில்லை என்றார்கள், அப்புறம் நுழைவுக் கட்டணம் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதற்கு அவர்களுடைய இணைப்பையே இன்னொன்று வாங்கிவிடலாம். நாலு மாதம் கழித்து அதைத்தான் வாங்கினோம். வலைகள் எத்தனை இருந்தாலும் வாசல் ஒருவர் கையில் இருந்தால் இப்படித்தான்.

இப்போது இருக்கிற இடத்தில் அனுமதிக் கடிதம் வந்தால், பையன் ஏணியைப் போட்டு, தலைக்கு மேலே போகும் தட்டில் மஞ்சள் ஃபைபரை எங்கள் சர்வர்கள் இருக்கும் கம்பிக் கூண்டிலிருந்து, எல்லா நிறுவனங்களின் ஃபைபரும் வந்து சேரும் சந்திப்பு அறை வரை இழுத்து, இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டி, ஒளி அளவு பார்த்துவிட்டுப் போய்விடுவான். யாருடைய ஃபைபர் என்று அவனுக்குக் கவலையே இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு வலைகளும் சென்னையிலேயே இருந்தும் இங்கே எங்கேயும் சந்திக்காவிட்டால் நாம் அனுப்பும் தரவுப் பாக்கெட் மும்பைக்குப் போய்த் திரும்பும். சாலைக் கணக்கில் 1,300 கிலோமீட்டர் என்று வைத்தால் போக வர 2,600. ஃபைபரில் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ வினாடி, ஆக 13 மில்லி வினாடி. பதிலும் அதே வழியில் வந்தால் 26, அடுத்த தெருவில் இருக்கிறவனோடு பேச. 2003-இல் நிக்சி (இந்திய தேசிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச்) தொடங்கியதே உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டிலேயே கைமாறட்டும் என்றுதான். இப்படி வலைகள் கூடித் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சுக்கு ‘இணையச் சந்தி’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார், அருமை, அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

என் முதல் ஆசை ‘நொதுமல் தரவகம்’. பகை, நட்பு, நொதுமல் என்று பழைய உரைகள் பிரிக்குமே, அந்த நொதுமல், யாருக்கும் வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை. ஆனால் இலங்கை நண்பர்கள் மின்கம்பியின் நியூட்ரலை நொதுமல் என்று படித்தவர்கள், தரவகத்திலோ திரும்பிய பக்கமெல்லாம் மின்கம்பி. போதாததற்கு, டீக்கடையில் அந்த ஏணிப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். “என்ன சார், மாத்திரை பேரா?” என்றான்.

‘பொதுவாசல் தரவகம்’ என்றதும் கேட்காமலே புரிந்துகொண்டான். “ஆமா சார், எவன் ஃபைபர் வேணா உள்ள வரலாம்.” கைரேகை வைத்துத்தான் ஆளே உள்ளே வர முடியும், பொதுவாசல் என்றால் தப்பாகாதா என்று யாராவது கேட்பீர்கள். வாசல் ஃபைபருக்கு, ஆளுக்கு இல்லை. என் ஓட்டு இதற்கே.

கோலொகேஷனுக்கு ‘உடனமைவு’ என்று எழுதியவருக்கு: பிழை இல்லை, உயிரும் இல்லை. கட்டடம், கரண்ட், ஏசி அவர்களுடையது, சர்வர் அடுக்கும் 42 யூனிட் ரேக்கில் நாம் எடுத்த இடத்துக்கு வாடகை, பெட்டி நம்முடையது, பூட்டு நம்முடையது. திருவல்லிக்கேணியில் வளர்ந்தவனுக்கு இது ஒண்டுக்குடித்தனம், வேறு சொல்லே தேவையில்லை. ஆவணத்தில் போட முடியாது என்பீர்கள், சரி, ‘வழங்கிக் குடித்தனம்’ என்று போடுங்கள், வழங்கி என்றால் சர்வர்.

அந்தப் பையன் இழுக்கிற ஃபைபர் இணைப்புக்குக் கிராஸ் கனெக்ட் என்று பெயர், அதற்குத்தான் ஒன்றும் ஒட்டவில்லை. ‘குறுக்கிணைப்பு’ என்றால் யாரோ குறுக்கே விழுந்து கெடுக்கிற மாதிரி இருக்கிறது, ‘நேரிணைப்பு’ என்றால் கிளவுட் கம்பெனிகள் விற்கும் சேவையோடு குழம்பும். இன்றைக்கு இரவுப் பணி, யாருக்காவது தோன்றினால் எழுதி வையுங்கள், காலையில் பார்க்கிறேன்.