தங்கச்சி 40 நாள்லயே தாய்ப்பால நிறுத்தப் பாக்குறா, என்ன பண்றது?

பாலக்கோடு அக்கா:
தங்கச்சிக்கு மொதல் புள்ள, பொண்ணு. சாயங்காலமானா பாப்பா விடாம அழுவுது, குடிச்சு பத்து நிமிஷத்துல மறுபடி வாய சப்புது. பாக்க வர்றவங்கெல்லாம் "பால் பத்தல போல, புள்ள மெலிஞ்சு கெடக்கு"ன்னு சொல்லிட்டே போக, அம்மா பவுடர் டப்பா வாங்க வெச்சுட்டாங்க, ராத்திரி ரெண்டு வேள பாட்டில்தான். இப்ப நெஜமாவே பால் கொறஞ்சுபோச்சுன்னு அழுவுறா, காம்பு வேற புண்ணு. மூணு மாசத்துல ஓசூர் கம்பெனி வேலைக்கு போகணுமாம், எப்படியும் நிறுத்தத்தானே போறேன்னு சொல்றா.

ஊத்தங்கரை அம்மா:
என் பெரியவனுக்கு இதே கததான், ரெண்டு மாசத்துல நின்னுடுச்சு, இப்பவும் மனசு கேக்கல. புள்ள சப்ப சப்பத்தான் பால் ஊறும், பாட்டில் குடுக்குற வேளைக்கு ஒடம்பு பால் வேணாம்னு எடுத்துக்கும். ஆறு வாரத்துல புள்ள வளர்ற வேகத்துக்கு சாயங்காலம் அடிக்கடி கேக்கும், அது பத்தாமைக்கு அடையாளம் இல்ல. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்கு போகுதா, எடை ஏறுதா, அத மட்டும் பாருங்க. ஏறலன்னா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. பவுடர சட்டுனு நிறுத்தாம, எடை பாத்து பாத்து கொறைங்க. சின்னவளுக்கு எங்க ஊர் நர்ஸ் அக்காதான் பக்கத்துல ஒக்காந்து, காம்ப மட்டும் இல்லாம சுத்தி இருக்க கருப்பு வட்டத்தையும் சேத்து வாய் நெறைய கவ்வ வெச்சாங்க, அன்னைக்கே வலி பாதி போச்சு.

ஓசூர் தோழி:
மூணு மாசம்னு யாரு சொன்னா? 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மொத ரெண்டு புள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, அதுல பிரசவத்துக்கு முன்னாடி எடுத்ததும் சேரும். முந்தின 12 மாசத்துல 80 நாள் வேல பாத்திருந்தா காண்ட்ராக்ட்ல இருந்தாலும் உண்டு. திரும்பி போனதும் புள்ளைக்கு 15 மாசம் வரைக்கும் நாளைக்கு ரெண்டு தடவ பால் குடுக்க பிரேக் தரணும். ஷிப்டுக்கு பஸ்ல போய் நடுவுல வீட்டுக்கு வர முடியாதுன்னா பால பீச்சி எடுத்து வெச்சுட்டு போகலாம், வெளிய 4 மணி நேரம், ஃபிரிட்ஜ்ல 4 நாள். பாட்டில் வேணாம், அம்மாவ சங்குல ஊத்தச் சொல்லுங்க.

பென்னாகரம் அண்ணன்:
வீட்டுக்காரர் என்ன பண்றாரு? ராத்திரி துணி மாத்துறது, புள்ளய தோள்ல போட்டு ஏப்பம் விட வெக்கிறது எல்லாம் நாங்களும் செய்யலாம். வர்றவங்க பால் பத்தி பேச ஆரம்பிச்சா அவர்தான் முன்னாடி நின்னு பேச்ச மாத்தணும்.

பாலக்கோடு அக்கா:
ரொம்ப நன்றிங்க. நேத்து எண்ணிப் பாத்தோம், எட்டு தடவ நனைச்சிருக்கா. நாளைக்கு நர்ஸ் அக்கா வர்றாங்க, எடை மெஷினும் எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன்.