அப்டேட்: கேசீன்ல காணாம போன டிரிப்டோஃபேன் கெடச்சிருச்சு

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, பால்ல இருந்து எடுத்த கேசீன்ங்கிற புரோட்டீனை அமினோ ஆசிடுகளா உடைக்க 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல 110 டிகிரில 24 மணி நேரம் வெச்சும் டிஎல்சி பிளேட்ல (கலவைய தனித்தனி ஸ்பாட்டா பிரிச்சுக் காட்டுற தட்டு) டிரிப்டோஃபேன்ங்கிற அமினோ ஆசிடோட ஸ்பாட் மட்டும் வரலன்னு. நீங்க சொன்னதுதான் சரி, தப்பு பிளேட்ல இல்ல, ஆசிட்ல. அந்த சூட்டுல டிரிப்டோஃபேன் மூலக்கூறுல இருக்குற இண்டோல்ங்கிற வளைய அமைப்பு செதஞ்சிடுது, குளூட்டமின்ங்கிற இன்னொரு அமினோ ஆசிட்கூட குளூட்டமிக் ஆசிடா மாறிடும், அதையும் தேடி உக்காந்திருந்தேன் பாருங்க!

முதல்ல வேகவெக்காத கேசீன்ல கிளையாக்ஸிலிக் ஆசிட் கலந்து சல்ஃப்யூரிக் ஆசிடை ஓரமா விட்டேன், அழகா ஊதா வளையம் வந்துச்சு, அது டிரிப்டோஃபேனுக்கு அடையாளம், அப்ப சரக்கு உள்ளதான் இருக்கு. அப்புறம் ஆசிடே வேணாம்னு பான்க்ரியாட்டின் (கணைய என்சைம் கலவை) போட்டு 37 டிகிரில ரெண்டு நாள், கெட்டுப்போகாம இருக்க மேல கொஞ்சம் டொலுயீன். (நாத்தத்த பத்தி கேக்காதீங்க.) பிளேட்ல ஒப்பிட வெச்ச டிரிப்டோஃபேன் ஸ்டாண்டர்டுக்கு நேரா அதே உயரத்துல ஸ்பாட்!

1901ல ஹாப்கின்ஸ், கோல்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க டிரிப்டோஃபேனை முதல்முதலா பிரிச்செடுத்ததே இப்படி கணைய என்சைம் வெச்சு கேசீன்ல இருந்துதானாம், நான் முன்னாடியே படிச்சிருக்கணும். அப்புறம், நின்ஹைட்ரின்ல (அமினோ ஆசிடுக்கு நிறம் குடுக்குற கெமிக்கல்) பிளேட்ல வந்த ஒரு மஞ்சள் ஸ்பாட்ட அழுக்குன்னு நெனச்சிருந்தேன், அது அழுக்கு இல்ல, புரோலின்ங்கிற அமினோ ஆசிட். அடுத்தது ஆசிடுக்குப் பதிலா காரத்துல ஹைட்ராலிசிஸ் பண்ணி (அதாவது புரோட்டீனை உடைச்சு) டிரிப்டோஃபேன் அளவு பாக்கணும்.