குரூப்பில் பி.எஃப். கேட்ட பொண்ணு: உங்கள் வேலையிடத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

பின்னலூரான்:
பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. ஷிப்மென்ட் அவசரம், ஞாயிறு எல்லாரும் வர வேண்டும் என்று மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வழக்கமாகக் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழும். அன்றைக்குச் செக்கிங்கில் இருக்கும் ஒரு சின்னப் பொண்ணு தன் பி.எஃப். பாஸ்புக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டாள். "அண்ணா, மூணு மாசமா சம்பளத்துல பிடிச்சிருக்கீங்க, இதுல ஏறவே இல்லைங்களே?"

கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தராகத் தங்கள் பாஸ்புக்கைப் போட ஆரம்பித்தார்கள். மேனேஜர் உடனே குரூப்பை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டார். பவர் டேபிளில் பல வருஷமாகத் தைக்கும் அக்கா ஒருவர் என்னிடம், "இதையெல்லாம் போன்லயே பார்க்கலாமா தம்பி?" என்றார். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

மில்கணக்கு:
கேட்டது சரி, குரூப்பில் கேட்டது சரியில்லை. ஆபீஸுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் மில்லிலும் ஒரு பையன் இப்படிக் கேட்டான், உட்கார வைத்து விளக்கியதும் புரிந்துகொண்டான். எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப்.ஐ அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கம்பெனி பங்கு 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும். அதனால் கம்பெனி பக்கம் தொகை குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். யு.ஏ.என். எண்ணை, அதாவது பி.எஃப்.க்கான உங்கள் தனி எண்ணை, ஆக்டிவேட் செய்து ஆதாரை இணைத்துவிட்டால் அரசின் உமாங் ஆப்பில் போனிலேயே பார்க்கலாம். பணம் ஏறவில்லை என்றால் பி.எஃப். புகார் தளத்தில் நீங்களே புகார் போடலாம்.

செக்கிங்அம்மாமகன்:
ஆபீஸுக்குப் போய்க் கேட்டவர் என் அம்மா. "ஏறிடும்மா, போ" என்றார்கள். அடுத்த வாரமே நைட் ஷிஃப்ட்டுக்கு மாற்றினார்கள். தனியாகக் கேட்டால் தனியாக மிரட்டுவார்கள். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் கேட்டால்தான் பதில் வரும், இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது. பின்னலூரான், குரூப்பைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

பின்னலூரான்:
சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதப் பணம் ஏறிவிட்டது. மிச்சத்துக்கு அந்தப் பொண்ணு ஆன்லைனில் புகார் போட்டுவிட்டாள். அதை வாபஸ் வாங்கச் சொல்லிப் பேச மேனேஜர் என்னைத்தான் அனுப்பப் பார்க்கிறார். நான் போகப் போவதில்லை.