பிசானம் காசில் கேமிங் பிசி: ஐந்து வருஷம் தாங்க எதில் செலவழிக்கலாம்?

கல்லிடைக்குறிச்சி

வணக்கம், கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். பிசானம் (எங்கள் பக்கத்து நெல் பருவம்) அறுவடை முடிந்து நெல் போட்ட காசில் அப்பா 75,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மானிட்டர், கீபோர்டு இருக்கிறது. மற்றதெல்லாம் புதிதாக வாங்க வேண்டும். இப்போதைக்கு வாலரண்ட், ஜிடிஏ 5 ஆடுகிறேன், அப்புறம் பெரிய கேம்களும் ஆட ஆசை. அப்பாவிடம் இன்னொரு தடவை இவ்வளவு காசு கேட்க மனசு வராது, அதனால் ஐந்து வருஷமாவது ஓட வேண்டும்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஐ5-12400எஃப் சிபியூ, எச்610 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்று எழுதித் தந்தார்கள். எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) எது என்று கேட்டதற்கு "கேபினெட்டோடயே வரும் தம்பி" என்றார்கள். வாங்கலாமா?

பாளையங்கோட்டை

12400எஃப் இன்றைக்கு நன்றாகவே ஓடும். ஆனால் அது உட்காரும் 1700 சாக்கெட் (போர்டில் சிபியூவை மாட்டும் இடம்) இன்டெலின் 12, 13, 14 என மூன்று தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024-ல் இன்டெல் வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. நாளைக்குச் சிபியூவை மாற்ற நினைத்தால் பழைய சரக்கைத்தான் தேட வேண்டும்.

திசையன்விளை

தம்பி, அப்பா நெல் போட்ட காசு என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2018-ல் ஏஎம்டியின் ரைசன் 5 2600 சிபியூ, பி450 போர்டு போட்டு எனக்கு ஒரு பிசி அசெம்பிள் செய்தேன். 2023 வாக்கில் புதுக் கேம்களில் திணற ஆரம்பித்தது. பென் டிரைவிலிருந்து புது பயாஸை (போர்டை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றிவிட்டு, அதே போர்டில் ரைசன் 5 5600-ஐ மாட்டினேன். ராம் மாறவில்லை, போர்டு மாறவில்லை, விண்டோஸைக்கூடத் திரும்பப் போடவில்லை. பழைய சிபியூவை விற்றதில் பாதிச் செலவு திரும்பி வந்தது. ஐந்து வருஷம் தாங்குவது என்றால் எனக்கு இதுதான். கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருநாள் பழசாகும். அடுத்ததை மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கு என் போர்டின் ஏஎம்4 சாக்கெட் இருந்த இடத்தில் இன்றைக்கு ஏஎம்5 இருக்கிறது. 2022-ல் வந்தது, 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பி650 போர்டு எடுங்கள். சிபியூ ரைசன் 5 7500எஃப் போதும். நாலு வருஷம் கழித்து 7800எக்ஸ்3டி மாதிரி ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதே போர்டில் உட்காரும்.

இதில் டிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏறும். 2025 கடைசியில் ராம் விலை ஏறியது உங்களுக்குக் கை கடிக்கும். எட்டு எட்டாக இரண்டு வாங்காமல் 16 ஜிபி ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஒற்றையில் வேகம் குறையும், கார்டு இல்லாமல் ஆடினால் இன்னும் அதிகமாகக் குறையும், தெரிந்தேதான் சொல்கிறேன். பின்னால் இன்னொரு 16 சேர்த்துக்கொள்ளலாம். எட்டு எட்டாக வாங்கி, பிறகு கூட்டப்போய் நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் டிடிஆர்5 வேகம் வெகுவாக இறங்கிவிடும்.

கார்டு வாங்கினால் 12 ஜிபி மெமரி உள்ளதாகப் பாருங்கள். இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் அது உண்டு. காசு எட்டாவிட்டால் 7500எஃப்-ஐ விட்டுவிட்டு, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 8600ஜி சிபியூ வாங்கி, கார்டு இல்லாமலே தொடங்குங்கள். நீங்கள் ஆடுகிற இரண்டு கேமும் அதன் உள் கிராபிக்ஸில் ஓடும். கார்டை அடுத்த பிசானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து என் பேச்சைக் கேளுங்கள். உவரியிலிருந்து ஒரு பையன் பிசியைத் தூக்கிக்கொண்டு வந்தான், ஆன் ஆகவில்லை. கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்தான். கையில் எடுத்தால் கனமே இல்லை. திறந்தால் கபாசிட்டர் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே முழுக்கத் தேரிச் செம்மண். ஆனி, ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் அது எங்கேயும் நுழையும். போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பையன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை வீணாக்காததற்கான தரச்சான்று), ஐந்து வருஷ வாரண்டி உள்ளதாக எடுங்கள். நாளைக்குக் கார்டு மாறினாலும் அது அப்படியே இருக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? கரண்ட் எப்படி?

கல்லிடைக்குறிச்சி

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனதும் பழைய பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்னொன்று, வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். பழசாகிவிட்டதால்தான் என்று நினைத்தேன்.

திசையன்விளை

பழசானதால் இல்லை தம்பி. பிளக்பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டரில் சின்னதாகக் கரண்ட் கசியும், அதை எர்த்துக்குத்தான் அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட் தகட்டில் நிற்கும். புது பிசி வருவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழியைப் பாருங்கள். அதுவரை செருப்பில்லாமல் தொடாதீர்கள்.

இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் போட்டால் கரண்ட் மாறுகிற இடைவெளி குறையும். அது சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும்) இன்வெர்ட்டர்தானா என்றும் பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட அணைந்துபோகலாம். தனி யுபிஎஸ் வாங்கினால் 600 விஏ வேண்டாம். அதில் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும், கார்டு போட்டுக் கேம் ஆடினால் மூச்சு முட்டும். 1000 விஏக்கு மேல் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சி

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். குழியில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. புதுக் கம்பி இழுத்து, கரியும் உப்பும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். பழைய கேபினெட்டை இப்போது வெறுங்காலோடு தொட்டாலும் ஒன்றும் இல்லை. கடையில் பட்டியலை மாற்றி எழுதி வாங்கிவிட்டேன்: 8600ஜி, பி650, 16 ஜிபி ஒன்று, 650 வாட் எஸ்எம்பிஎஸ். மீதிக் காசை அப்பாவிடமே கொடுத்து வைத்திருக்கிறேன், கார்டுக்கு.