போயா நாள் காட்டுற டேட் பிக்கர்: உள் கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணலாமா?

கொட்டாஞ்சேனை13
புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ஓடர் எடுக்கிற சொப்ட்வெயார். ஜாவா 8ல, ஜாவாஎஃப்எக்ஸ் (திரை, பட்டன் செய்யிற லைப்ரரி) வச்சு எழுதினது, இப்ப 17க்கு மாத்துறன். டேட் பிக்கரை (திகதி தெரிவு செய்யிற பெட்டி) திறந்தால் போயா நாள் (பௌர்ணமி லீவு) மஞ்சளாத் தெரியவேணும், கலெண்டருக்குக் கீழ 'இன்று' எண்டு ஒரு பட்டனும் வேணும். இதுக்காக, கலெண்டரை உள்ளுக்குச் செய்யிற டேட்பிக்கர்கொன்டென்ட் கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணியிருந்தன் (அதை அடியா வச்சு என்ர கிளாஸை எழுதினன்). அந்தக் கிளாஸ் வேற பக்கேஜுக்கு (கிளாஸ்களை வைக்கிற பிரிவு) போயிட்டுது, இம்போர்ட்டை மாத்தியாச்சு. கொம்பைல் ஆகுது. ரன் பண்ணினால் 'இல்லீகல்அக்செஸ்எரர்: சுப்பர்கிளாஸ் அக்செஸ் செக் ஃபெயில்ட்'. கிளாஸ் பப்ளிக்தானே, பிறகு ஏன்?

தெமட்டகொடை09
தம்பி, பப்ளிக்கா இருந்தா போதும் என்ற காலம் 8ஓட முடிஞ்சுது. 2017ல ஜாவா 9 மொடியூலோட (பல பக்கேஜைச் சேர்த்த கட்டு) வந்த பிறகு, கிளாஸ் இருக்கிற பக்கேஜை மொடியூல் எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கணும், அதாவது வெளியில பாவிக்க விட்டிருக்கணும். இது பண்ணல்ல. கொம்பைல் ஆகுதுன்னா ஐடிஈ (கோட் எழுதுற சொப்ட்வெயார்) கொம்பைலருக்கு மட்டும் ஃப்ளாக் (கட்டளையோட சேர்க்கிற குறிப்பு) போட்டுத் தந்திருக்கு. ரன் பண்ற இடத்துலயும் போடுங்க:

--ஆட்-எக்ஸ்போர்ட்ஸ் ஜாவாஎஃப்எக்ஸ்.கொன்ட்ரோல்ஸ்/கொம்.சன்.ஜாவாஎஃப்எக்ஸ்.சீன்.கொன்ட்ரோல்=ஆல்-அன்நேம்ட்

சில பேர் ஆட்-ஓபன்ஸ் போடச் சொல்லுவாங்க. ரன் டைம்ல அதுவும் ஓடும், ஆனா பிரைவேட் ஃபீல்ட் வரைக்கும் திறந்து விடும். கொம்பைலருக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல. எக்ஸ்போர்ட்ஸே போதும்.

வெள்ளவத்தை06
நானா, எரரை அமத்திறது ஒண்டு, பிரச்சினையைத் தீர்க்கிறது வேற. அந்தக் கிளாஸ் ஒருக்கா இடம் மாறினதைத் தம்பியே சொல்லுறார். கொம்.சன் எண்டு தொடங்கிற உள் பக்கேஜுக்கு ஒருத்தரும் உத்தரவாதம் தரேல்ல.

நிறத்துக்கு எக்ஸ்டெண்டே தேவையில்லை. செட்டேசெல்ஃபக்டரி (நாள் கட்டங்களை நாங்களே செய்து குடுக்க விடுற மெதட்) ஜாவா 8ல இருந்தே பப்ளிக். டேட்செல் எண்ட நாள் கட்டத்தின்ர அப்டேட்ஐட்டத்தை ஓவர்ரைட் பண்ணி, திகதி போயாப் பட்டியலில இருந்தால் ஒரு ஸ்டைல் கிளாஸைச் சேருங்கோ, இல்லாட்டி எடுத்து விடுங்கோ. எடுக்க மறந்தால், செல்லைத் திரும்பப் பாவிக்கேக்க அடுத்த மாதத்தில சும்மா நாளும் மஞ்சளாகும். பௌர்ணமியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வெளிக்கிடாதேங்கோ, வர்த்தமானியில வாற பட்டியலை ஃபைலில வையுங்கோ. ஒரே மாதத்தில ரெண்டு போயா வாற வருசமும் இருக்கு. (1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாப் போயாதான் வாராந்த லீவு. நல்லவேளை, அந்தக் காலத்து ஓடர் இதுக்குள்ள இல்லை.)

பட்டனுக்கு டேட்பிக்கர்ஸ்கின் (பிக்கரின்ர தோற்றத்தைச் செய்யிற கிளாஸ்). 9ல அது பப்ளிக் பக்கேஜுக்கு வந்திட்டுது. அதின்ர கெட்பொப்அப்கொன்டென்ட் மெதட் தாறதை விபொக்ஸா (ஒண்டுக்குக் கீழ ஒண்டா அடுக்கிற பெட்டி) எடுத்து, பட்டனை அதில சேர்த்தால் சரி.

தெமட்டகொடை09
அந்த மெதட் தாறது வெறும் நோட் (திரையில வர்ற எதுக்கும் பொதுவான வகை). உள்ளுக்கு விபொக்ஸ்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சோர்ஸைத் திறந்து பார்த்துத்தானே! அப்ப நீங்களும் முன்வாசல்ல நின்னுகிட்டு குசினிக்குள்ள கை விடுறீங்க. நாளைக்கு கிளாஸ் மாறினா எனக்கு கொம்பைல்லயே தெரியும். உங்க காஸ்ட் (அதை விபொக்ஸ்தான்னு எடுக்கிறது) கடைக்காரர் முன்னாலதான் விழும்.

வெள்ளவத்தை06
விபொக்ஸ்தானோ எண்டு இன்ஸ்டன்ஸ்ஒஃப் போட்டுப் பாத்திட்டுச் சேர்த்தால் விழாது. ஆகக்கூடினால் பட்டன் இல்லாமப் போகும், ஓடர் எடுக்கலாம். உங்கட வழியில ஒவ்வொரு மெஷின் ஷோர்ட்கட்டிலயும் ஃப்ளாக் இருக்கவேணும். கடைப் பொடியன் ஜாரை (ப்ரோகிராம் இருக்கிற ஃபைல்) நேரா டபுள் கிளிக் பண்ணினால் என்ன நடக்கும்?

தெமட்டகொடை09
மெயின் ஜாரோட மெனிஃபெஸ்ட்ல (ஜாருக்குள்ள இருக்கிற விபர ஃபைல்) ஆட்-எக்ஸ்போர்ட்ஸ் வரியைப் போட்டா ஃப்ளாக்கே தேவையில்ல. ஜாவாஎஃப்எக்ஸ் சேர்ந்து வர்ற ஜேடிகேயில (ஜாவா தொகுப்பு) அது அப்படியே ஓடும்.

கொம்பனித்தெரு02
ஏன் இவ்வளவு சண்டை? ஜாவாஎஃப்எக்ஸ் ஜாரெல்லாத்தையும் மொடியூல் பாத்ல போடாம கிளாஸ்பாத்ல (மொடியூல் பார்க்காத பழைய வழி) போடுங்க. அப்ளிகேஷனை எக்ஸ்டெண்ட் பண்ணாத ஒரு சின்ன லோஞ்சர் கிளாஸால தொடங்குங்க. எல்லாம் அன்நேம்ட், அதாவது பேரில்லாத ஒரே மொடியூலுக்குள்ள வந்துடும், எரரும் இல்ல.

வெள்ளவத்தை06
ஜாவாஎஃப்எக்ஸ் 16ல இருந்து அதுக்கு 'அன்சப்போர்ட்டட் ஜாவாஎஃப்எக்ஸ் கொன்ஃபிகரேஷன்' எண்டு வோர்னிங் வருது. ஆதரவு இல்லை எண்டு செய்தவையே எழுதினதை ஒரு கடைக்குக் குடுக்க எனக்கு மனமில்லை.

தெமட்டகொடை09
இதுல வெள்ளவத்தை சொல்றது சரி.

கொட்டாஞ்சேனை13
செல் ஃபக்டரியால நிறம் வந்திட்டுது அண்ணை. எக்ஸ்டெண்ட் பண்ணின கிளாஸை எடுத்தாச்சு, எரரும் போச்சு. பட்டனையும் விபொக்ஸில சேர்த்தன். அமத்தினால் திகதி மாறுது, ஆனால் பொப்அப் மூடுதில்லை.

வெள்ளவத்தை06
செட்வெல்யூவுக்குப் பிறகு பிக்கரின்ர ஹைட் மெதட்டைக் கூப்பிடுங்கோ. அதுவும் பப்ளிக்தான்.

தெமட்டகொடை09
மூடும். ஆனா தம்பி, அந்தப் பழைய கிளாஸை ஒரு பிராஞ்ச்ல வச்சுக்கோங்க. கடைக்காரர் நாளைக்கு கீபோர்ட் அம்புக்குறிக்கு வேற வேலை கேட்டா பிஹேவியர் கிளாஸ்தான் (கீ அமத்தினா என்ன நடக்கணும்னு சொல்றது) தேவைப்படும். அந்தப் பக்கேஜ் இன்னும் கொம்.சன்லயே கிடக்கு. அப்ப மெனிஃபெஸ்ட் வரியைத் தேடி இங்கதான் வருவீங்க.