நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததுண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கி வைத்தவர்:

கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் இங்கே வேண்டாம், அது நடந்துகொண்டேதான் இருக்கும். வீட்டிலோ ஊரிலோ "இது இப்படித்தான்" என்று சொல்லப்பட்ட ஒன்றை நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அல்லது யாரோ சோதித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தால் எழுதுங்கள். எதிரில் இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திண்டுக்கல்காரி:

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் எங்கள் ஊரில் வளையமாகவே தெரிந்தது. காலை எட்டு மணி சுமாருக்குப் பிடித்து, பதினொன்றேகாலுக்கு விட்டது. நான் பார்க்கவில்லை. ஏழு மாதக் கர்ப்பம். ஜன்னலுக்குப் போர்வை கட்டி அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். கத்தி தொடக்கூடாது, ஊசி தொடக்கூடாது, அரித்தால் சொறியக்கூடாது. தண்ணீர்க் குடத்தின் மேல் தர்ப்பை.

கூடத்தில் என் மாமியார் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். நின்றது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கிரகணம் விடும்போது அதுவே சாயும் என்றார் அத்தை. பத்து மணி வாக்கில் கொழுந்தனார் மகன் ஓடிவந்து இடித்ததில் விழுந்தது. "பாத்தீங்களா, விட ஆரம்பிச்சிடுச்சு" என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், கிரகணமும் இல்லை, அமாவாசையும் இல்லை. அதே உலக்கையை அடுக்களையில் நிறுத்திப் பார்த்தேன். அடியில் பூண் தட்டையாக இருக்கிறது. கொஞ்சம் அப்படி இப்படி அசைத்துச் சமன் கண்டால் நின்றுவிடுகிறது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அன்னைக்கு அது தானா நின்னுச்சு. இன்னைக்கு நீ நிறுத்தியிருக்கே." அன்றைக்கும் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தியவர் அவர்தான்.

மார்ச்சில் மகள் பிறந்தாள். உதடு, விரல், காது எல்லாம் சரியாக இருந்தன. "உள்ளயே இருந்ததாலதான்" என்றார் அத்தை. குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் ஏழாவது வாரத்துக்குள்ளும், அண்ணம் ஒன்பதாவது வாரத்துக்குள்ளும் கூடிவிடும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். டிசம்பரில் அந்த வேலை முடிந்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. இதை அத்தையிடம் சொன்னபோது, "டாக்டருக்கு எல்லாம் தெரியுமா" என்று போய்விட்டார். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்திருப்பேன், அதுதான் காரணம் என்று ஆகியிருக்கும். எப்படிப் போனாலும் அத்தை பக்கமே வெற்றி.

கொழுந்தனார் மகன் இப்போதெல்லாம் உலக்கையை நிறுத்திக் காட்டி நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொள்கிறான்.

பித்தளைப் பிள்ளையார்:

1995 செப்டம்பர் 21. டெல்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று காலையில் கிளம்பிய செய்தி, செல்போன் பரவாத காலத்திலேயே அன்றைக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. அம்மா குளித்துவிட்டு எவர்சில்வர் ஸ்பூனில் பாலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டுப் பிள்ளையார் குடிக்கவில்லை. எதிர்வீட்டில் குடித்தார், கோடி வீட்டில் குடித்தார், எங்கள் வீட்டில் இல்லை. அம்மா இரவு சாப்பிடவில்லை. வீட்டில் என்ன குற்றம் நடந்தது என்று எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

டெல்லியில் அரசாங்க விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்ததைச் செய்தித்தாளில் படித்து அப்பா விளக்கினார். ஸ்பூன் விளிம்பில் துதிக்கை பட்டதும் பரப்பு இழுவிசை பாலை இழுக்கிறது. அப்புறம் சிலையின் மேலேயே மெல்லிய ஏடாக வழிந்து கீழே போகிறது. சாயம் இருந்ததால் வழிந்த தடம் தெரிந்தது. எங்கள் பிள்ளையாருக்குத் துதிக்கை உள்பக்கம் சுருண்டு வயிற்றோடு ஒட்டியிருக்கும், ஸ்பூன் படவே இடமில்லை. அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப யாரு வீட்லயும் குடிக்கல" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! எதிர்வீட்டுக்குப் போய் இதைச் சொல்லவும் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார்.

கட்டம் போட்டவன்:

என் அக்காவுக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லி வரன்கள் தட்டிக்கொண்டே போயின. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டு கட்டத்தில் ஐந்து. அப்படியென்றால் நூற்றுக்கு 42 பேருக்கு இருக்க வேண்டும். அதோடு நிற்பதில்லை, ராசியிலிருந்தும் பார்க்கிறார்கள், சுக்கிரனிலிருந்தும் பார்க்கிறார்கள். மூன்று கணக்கிலும் தப்பிக்கிறவர் பன்னிரண்டில் ஏழை மூன்று முறை பெருக்கினால் வரும் பங்கு, தோராயமாக நூற்றுக்கு 20 பேர். மீதி எண்பது பேருக்கும் ஏதோ ஒரு கணக்கில் தோஷம்!

இதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் எங்கள் குடும்ப ஜோதிடரிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். காகிதத்தை வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான் தம்பி. அதனாலதானே விதிவிலக்கு வெச்சிருக்காங்க" என்றார். செவ்வாய் மேஷத்திலோ விருச்சிகத்திலோ இருந்தால் சொந்த வீடு, தோஷமில்லை. மகரத்தில் உச்சம், தோஷமில்லை. இன்னும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்காவுக்கும் ஒரு விலக்கு பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டு ஜோதிடர் அந்த விலக்கை ஏற்கவில்லை. எந்த விலக்கு செல்லும் என்பதை யார் தீர்மானிப்பது என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை.

2023இல் இன்னொன்று பார்த்தேன். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. திருநள்ளாற்றில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. வானத்தில் சனி ஒன்றுதான். ஏழரை தொடங்கியதா முடிந்ததா என்று தெரியாமல் அம்மா இரண்டு தேதிக்கும் எள் விளக்கு போட்டுவிட்டார்.

அக்கா அலுவலகத்தில் பழகியவரையே கட்டிக்கொண்டாள். ஜாதகம் பார்க்கவில்லை. அம்மா ரகசியமாகப் பார்த்திருப்பார் என்பது அக்காவின் சந்தேகம்.

ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார்:

மேலே எழுதிய தம்பிக்கு ஒரு சின்ன விளக்கம். சனி ஒரு பாகை நகர ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். கணக்கில் சில பாகை பிசகினாலே தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும், வக்ரம் (கோள் பின்னோக்கி நகர்வதுபோலத் தெரிவது) வந்து குறுக்கிட்டால் இன்னும் அதிகமாகும். வாக்கிய முறை பழைய வாய்பாடு, திருக்கணிதம் இன்றைய வானியலோடு ஒத்துப்போவது. தொலைநோக்கியில் பார்த்தால் யார் சரி என்று தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் பழைய வாய்பாட்டைக் கேலி செய்யாதீர்கள். 1825இல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களை எண்களாக மாற்றி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் பிழை நான்கே நிமிடம். (முடியும் நேரத்தில் பிழை கூடுதல், அதையும் சொல்லிவிட வேண்டும்.) கிரகணம் என்பது நிழல் என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். வகுப்பில் இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்பார்கள். சோழியை வைத்துக் கிரகணத்தைச் சொன்னவரிடம் போய்க் கல்யாணத் தேதியையும் கேட்டோமே, அங்கேதான் கோளாறு.

மேடையில் திருநீறு வரவழைப்பவன்:

கல்லூரி நாளிலிருந்து ஊர் ஊராக "மந்திரமா தந்திரமா" நிகழ்ச்சி போடுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோவை போத்தனூர் பிரேமானந்திடம் பழகியவர். 2009இல் மறைந்த பிரேமானந்த், சாமியார்கள் செய்யும் அதிசயங்களையெல்லாம் தானும் செய்து காட்டியே பேர் வாங்கியவர்.

வித்தைகள் எளிமையானவை. திருநீற்றைக் கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்து மாத்திரையாக உருட்டிக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் வைத்துக்கொள்வேன். கையை விரித்துக் காட்டினாலும் தெரியாது. நசுக்கினால் ஒரு கை திருநீறு. எலுமிச்சையில் ரத்தம் வருவதற்குக் கத்தியில் செம்பருத்திச் சாறு தடவிக் காயவிட்டால் போதும், புளிப்பு பட்டதும் சிவக்கும். மந்திரம் சொல்லிச் சுள்ளியில் தீ வரவழைப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும். மஞ்சள் தண்ணீரைச் சிவப்பாக்கிக் காட்டும்போது மட்டும் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வரும். சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்காத வீடு எது?

ஒரு கிராமத்தில் நிகழ்ச்சி முடிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, நீ வித்தையில திருநீறு எடுத்தே, ஒத்துக்கிறேன். எங்க சாமி நெசமாவே எடுக்கிறாரு. ரெண்டும் ஒண்ணு போலத் தெரியறதால அவரு எடுக்கிறது பொய்னு ஆயிடுமா?"

ஆகாது. தர்க்கப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் காட்டியதெல்லாம், அது அதிசயமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது மட்டுமே. அதையே அவரிடம் சொன்னேன். "ஐயா, அடுத்த தடவை உங்க சாமியைத் திருநீறு வேணாம், ஒரு பூசணிக்காயை வரவழைக்கச் சொல்லுங்க. விரல் இடுக்கில் வைக்க முடியாததா கேளுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "கேட்டா கோச்சுக்குவாரு" என்றார். கேட்டாரா என்று எனக்குத் தெரியவே வராது, ஆனால் இத்தனை வருஷ நிகழ்ச்சிகளில் என்னை மடக்கிய ஒரே ஆள் அவர்தான்.

அதே ஊரில் இன்னொன்று. எல்லோரும் போன பிறகு ஓர் அம்மா காத்திருந்து, "ஐயா, என் மருமகளுக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க, எடுத்துக் கொடுங்க" என்றார். இரண்டு மணி நேரம் எல்லாமே தந்திரம் என்று விளக்கிவிட்டு நின்ற என்னிடம்! "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் கெமிக்கல்" என்றேன். "தெரிஞ்சவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றார். மருமகளுக்கு என்ன என்று விசாரித்தால், பிள்ளை பெற்று மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காமல் அழுதுகொண்டே இருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி மனச்சோர்வு வரும், மருந்து உண்டு என்று சொல்லி, அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும் விவரத்தை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டை மடித்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.

மட்டக்களப்பான்:

எங்கட பக்கம் தீமிதிப்பு பெரிய விஷயம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலுக்குச் சின்ன வயசில் அப்பப்பாவோடு போவேன். அப்பப்பா யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆபிரகாம் கோவூரிடம் தாவரவியல் படித்தவர். அதிசயத்தை மோசடிக்கு இடமில்லாத நிலையில் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தவர் கோவூர். 1978இல் அவர் சாகும்வரை ஒருவரும் அந்தக் காசை வாங்கவில்லை. தீமிதிப்பை உடலியங்கியல் பேராசிரியர் கார்லோ பொன்சேகாவும் ஆராய்ந்தார். விரதம் இல்லாதவர்களும் நடக்கலாம் என்பதுதான் முடிவு. கரி வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும், கால் ஓரிடத்தில் படுவதோ அரை விநாடி அளவு. நின்றாலோ விழுந்தாலோ கட்டாயம் சுடும்.

பெரியவனானதும் பூசாரியாரிடம் கேட்டேன், சிலருக்கு மட்டும் ஏன் காலில் கொப்புளம் வருகிறது என்று. "விரதம் பிழைச்சிருக்கும்" என்றார். விரதம் பிழைக்காதவருக்கும் போன வருஷம் வந்ததே? "அவருக்குத் தெரியாமப் பிழைச்சிருக்கும்." திண்டுக்கல் அக்காவின் மாமியார் இவருக்குச் சொந்தமோ என்று தோன்றுகிறது.

நான் பிறகு நடந்தேன். விரதம் இருக்கவில்லை, பக்தியும் இல்லை, சுடவும் இல்லை. ஆனால் பறைமேளம் அடிக்க, சனம் "அரோகரா" என்று கத்த, உடம்பு முழுக்கப் புல்லரித்தது. அது ஏன் என்றும் யாராவது ஆராய்ந்தால் வாசிப்பேன்.

ஒரு வாசகர்:

எல்லாம் கோயில் பக்கமே போகிறதே. மற்ற மதங்களில் கேட்க ஒரு கேள்வியும் இல்லையா?

தொடங்கி வைத்தவர்:

இருக்கிறது. 2012இல் மும்பை இர்லாவில் ஒரு தேவாலயச் சிலுவையிலிருந்து நீர் சொட்டியது. பக்கத்தில் அடைத்துக்கொண்ட சாக்கடைத் தண்ணீர் சுவரின் நுண்துளைகள் வழியாக ஏறுகிறது என்று பகுத்தறிவாளர் சனல் இடமறுகு கண்டுபிடித்துச் சொன்னார். மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவில் புகார்கள், அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவிலும் எழுதி வைத்திருக்கிறோம்! நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வார்டு நர்ஸ்:

நான் எழுதுகிறேன். நானே சர்ச்சுக்குப் போகிறவள்தான்.

பத்தாம் வகுப்புப் பையன். டைப் 1 சர்க்கரை. இவர்கள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, ஊசியை நிறுத்தினால் ஒரு சில நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்தாகிவிடும். மூச்சு இழுத்துக்கொண்டு, வாயில் பழ வாசனையோடு கொண்டு வந்தார்கள். ஜெபக் கூட்டம் ஒன்றில் மேடையேற்றி "சுகமாயிட்டே" என்று அறிவித்திருக்கிறார்கள். ஊசி போட்டால் விசுவாசக் குறைவு என்று அம்மா நிறுத்திவிட்டார். ஐசியூவில் பிழைத்துக்கொண்டான்.

தேறியதும் அம்மாவிடம் பேசினேன். கணையம், இன்சுலின், அமிலம் எல்லாம் படம் போட்டு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "சிஸ்டர், நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன், அதான் திரும்ப வந்துடுச்சு" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. தப்பு ஊசியை நிறுத்தியதில் இல்லையாம், சந்தேகப்பட்டதில்தானாம். டிஸ்சார்ஜ் ஆனால் மறுபடியும் நிறுத்திவிடுவார் என்று பயம் வந்தது.

டாக்டர் திட்டிப் பார்த்தார். பயனில்லை. நான் அவர்கள் வழக்கமாகப் போகும் சபையின் போதகருக்குப் போன் செய்தேன். அந்தக் கூட்டம் நடத்தியவர் வேறு ஆள். இவர் அமைதியான மனிதர், மறுநாளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "ஊசியும் கர்த்தர் கொடுத்ததுதாம்மா. அதை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?" என்றார். அந்த அம்மா ஒரே நிமிஷத்தில் ஒத்துக்கொண்டார்.

இன்சுலினை 1921இல் டொரோண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துப் பாடுபட்டுப் பிரித்தெடுத்தார்கள். இதை அங்கே சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், சொல்லவில்லை. பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறான். போதகர் சொன்ன காரணத்தில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. அவருடைய நம்பரை வார்டு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன், இந்த மாதிரி கேஸ் வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறோம்.